ஒன்றுக்குப் பன்னிரண்டு

அடி என்று சொன்னேனா, அங்குலம் என்று சொன்னேனா? அடி என்றுதான் சொல்லியிருப்பேன். சின்ன வீடு கட்டி விளையாடும் என்னைப் போன்ற கிறுக்குகள் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். எங்கள் கணக்கில் ஓர் அங்குலம்தான் ஓரடி. மூன்றடி நாற்காலி என்றால் என் நடுவிரல் உயரம், ஆறடி பீரோ என்றால் ஒரு சாண்கூட வராது. அசலில் பன்னிரண்டு பங்கு இருப்பதை ஒரு பங்காக்குவது, அவ்வளவுதான் சூத்திரம். நெகமம் தங்கமுத்து ஆசாரிக்கு இந்தப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. எனக்குக் கட்டில், மேசை, ஊஞ்சல் என்று எத்தனையோ செய்து தந்திருக்கிறார், ஒரு நாளும் தப்பியதில்லை. ஆனால் அன்றைக்குப் போனை எடுத்தது அவருடைய மருமகள். கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண். "மாமா சந்தைக்குப் போயிருக்காருங்க, சொல்லுங்க, நான் எழுதி வச்சுக்கறேன்" என்றாள். கை வைத்த நாற்காலி, பிரம்பு பின்னல், உயரம் மூன்றடி, அகலம் இரண்டடி என்று சொன்னேன். சொன்னேனா? இல்லை, அந்தப் பெண்ணுக்குப் புரிய வேண்டுமே என்று யோசித்து மூன்று அங்குலம் என்றேனா? யோசித்தது ஞாபகம் இருக்கிறது, சொன்னதுதான் ஞாபகம் இல்லை. இதோ கூடத்தின் நடுவில், சாக்கும் வைக்கோலும் உரித்துப் போட்டது போட்டபடி கிடக்க, அசல் தேக்கில், அசல் மனிதர் உட்காரும் அளவில், மூன்றடி உயரத்துக்கு ஒரு நாற்காலி நிற்கிறது. என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். கணபதிப் பகுதியில் நாங்கள் இருக்கும் இந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும், இதில் இதை எங்கே வைப்பது.

டெம்போவில் கொண்டுவந்த இருவரும் கேட்டார்கள், "ஏனுங்கம்மா, பொம்மை வூடு எங்கீங்க இருக்குது? அதுக்கு முன்னாலதான் எறக்கோணும்னு சொல்லி உட்டாங்க." நான் கையைக் காட்டினேன். "பணமெல்லாம் வந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் முன்பணம் கொடுத்திருந்தேன், அது ஒரு நடுவிரல் நாற்காலிக்குத்தான் காணும், ஆசாரி என்னிடம் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டிருப்பார், பாவம், இவ்வளவு மரத்தை என்னை நம்பி அறுத்திருக்கிறார். படுக்கையறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார், "என்ன அம்மிணி, வாசல்ல வண்டிச் சத்தம்?" அவர் என்றால் நாட்ராயன், என் வீட்டுக்காரர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். "ஒண்ணுமில்லீங்க, பக்கத்து வூட்டுக்குங்க" என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் காய்கறி வந்தாலே என்ன காய் என்று கேட்கிற மனிதர். இப்போது எதற்கும் இரண்டாவது கேள்வி கிடையாது.

ஏன் பொய் சொன்னேன் என்றால், சாந்தாமணி அக்கா. வேறு எதற்கும் இல்லை. சொல்லிவிட்டால் அவருக்கும் அக்காதான் ஞாபகத்துக்கு வருவாள், அப்புறம் அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அதையே நினைப்பார். என் அக்கா ஒண்டிப்புதூரில் தையல் கடை வைத்திருந்தாள். அளவெடுக்கிற நாடாவே வேண்டாம் அவளுக்கு, ஆளைப் பார்த்தாலே மார்பளவும் கையளவும் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் எதிர்வீட்டம்மாவுக்குத் தைத்த ரவிக்கையில், உடம்பு பெரியவளுக்கும் கை ஐந்து வயதுப் பிள்ளைக்குமாகத் தைத்துக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சேர்ந்து சிரித்தாள், "எந்தக் கழுத நெனப்புல வெட்டுனனோ" என்றாள். அதுதான் தொடக்கம் என்று அப்புறம் டாக்டர் சொன்னார். கொஞ்ச நாள் கழித்து என்னையே பார்த்து, "நீங்க யாரு வூட்டுப் புள்ளைங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதைதான் தாங்கவில்லை. அளவு. அக்காவுக்கு முதலில் போனது அளவு. ஆள் பேர் மறக்கவில்லை, அடுப்பு அணைக்க மறக்கவில்லை, சின்னது எது பெரியது எது என்பதுதான் முதலில் கலங்கியது. எனக்கும் அளவுதான் போயிருக்கிறது, இதோ நிற்கிறது தேக்கில். போகட்டும், எனக்கு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். உள்ளே படுத்திருக்கிறவரைத் திருப்பிப் படுக்க வைப்பது யார், மாத்திரையில் காலை எது இரவு எது என்று பிரித்துக் கொடுப்பது யார். பிள்ளையா குட்டியா எங்களுக்கு, நான் அவருக்கு, அவர் எனக்கு, அவ்வளவுதான் இந்த வீட்டின் ஜனத்தொகை. நான் அவரைப் பார்த்து நீங்க யாருங்க என்று கேட்கிற நாளை நினைத்தால், அப்போதும் மரியாதையாகத்தான் கேட்பேன், அவருக்கு வித்தியாசமே தெரியாது, நான் எப்போதும் அவரிடம் ங்க போட்டுத்தானே பேசுகிறேன். இதில் சிரிப்பு வேறு வருகிறது.

குக்கர் விசில் அடித்தது. இது எத்தனையாவது? முன்னால் ஒன்று வந்ததா, வண்டிக்காரர்கள் இருக்கும்போதா, அது குக்கரா வண்டியா? பார், இதுவும் தெரியவில்லை. ஆசாரிக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அடி என்றால் அடி, அங்குலம் என்றால் அங்குலம். அங்குலம் என்று சொன்னதாக அவள் சொல்லிவிட்டால் தப்பு அவர்களுடையது, நான் பிழைத்தேன். அடி என்று சொன்னதாகச் சொன்னால்? அப்போதும் அது என் வழக்கமான பேச்சுதானே, புத்தி கலங்கியதாக ஆகுமா? ஆகாது. ஆகும். புதுப் பெண்ணிடம் ஆள் பார்த்துப் பேசத் தெரியாமல் போவதும் ஒரு கலக்கம்தானே. நாற்காலியின் மேல் கை வைக்காமல் சுற்றி வந்தேன். எங்கே சுற்றுவது, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் என் சின்ன வீடு.

சின்ன வீட்டைப் பார்த்தால் மட்டும் எனக்கு மூச்சு சீராகும். பள்ளிக்கூட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதியே விரல் தேய்ந்த எனக்கு, அந்த விரலால் இப்படியும் ஒரு வேலை உண்டு என்று காட்டிய வீடு இது. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படிக்கிற அறை. முன்பக்கச் சுவர் கிடையாது, உட்கார்ந்து பார்த்தால் மூன்றும் ஒன்றாகத் தெரியும். சமையலறையில் இருக்கிற குடம், அண்டா, தவலை எல்லாம் அவர் செய்தது. பம்பு கம்பெனியில் லேத்து ஓட்டியவர், ஷிப்டு முடிந்து வரும்போது சட்டைப் பையில் கழிவுப் பித்தளையில் கடைந்த ஒரு குடத்தைப் போட்டுக்கொண்டு வருவார், மிளகு கொள்ளாத குடம், ஆனால் கழுத்தும் விளிம்பும் அச்சாக இருக்கும். கொடுக்கும்போது ஒன்றும் சொல்ல மாட்டார், டிபன் பாக்ஸோடு சேர்த்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுவிடுவார், நான்தான் துழாவி எடுக்க வேண்டும். படிக்கிற அறை என்னுடையது. புத்தக அலமாரியில் இருப்பவை எல்லாம் உள்ளே எழுத்துள்ள புத்தகங்கள், வெறும் அட்டை ஒட்டிய மரத்துண்டு ஒன்றுகூடக் கிடையாது. டவுன்ஹால் பழைய புத்தகக் கடையில் கிடைத்த நகத்தளவு பஞ்சாங்கம், தகர டப்பிக்குள் தனக்கென்று ஒரு பூதக்கண்ணாடியோடு வந்த அகராதி, யாரோ பினாங்கிலிருந்து கொண்டுவந்து எனக்காகவே தொலைத்தது போன்ற ஒரு சமையல் புத்தகம், அப்புறம் நானே மெல்லிசுத் தாளை வெட்டி, தைத்து, ஊசிமுனைப் பேனாவால் எழுதியவை. பஞ்சாங்கத்தை ஒரு முறை முழுதாகப் படித்தேன். அதில் சொன்ன மழை எல்லாம் என்றைக்கோ பெய்து முடிந்திருந்தது, இருந்தாலும் படித்தேன். பெரிய புத்தகத்தை மேய்ந்துவிட்டுப் போகலாம், சின்னப் புத்தகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கச் சொல்லும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், "ஆளுகளக் காணோமே?" ஆள் பொம்மை நான் வைப்பதில்லை. எவ்வளவு அழகான பொம்மையானாலும் வைத்த நிமிடமே அளவு பொய் என்று காட்டிக் கொடுத்துவிடும், நாற்காலி உண்மை, புத்தகம் உண்மை, ஆள் மட்டும் பொம்மை. அதனால், "எல்லாரும் வெளிய போயிருக்காங்க, வந்துருவாங்க" என்பேன். அவர் இதைக் கேட்டுவிட்டு ஒரு முறை, "எப்ப வருவாங்க?" என்று கேட்டார். கிண்டலா, கேள்வியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொரு விசில். இப்போது அவர் உள்ளேயிருந்து, "நாலு ஆயிருச்சு அம்மிணி, நிறுத்தீரு" என்றார். எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். சமையலறை ஜன்னல் வழியாகக் கட்டில் தெரியும். சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வாக்கர் நிற்கிறது, நான்கு கால் அலுமினியம், அதில் அவர் துண்டு காய்கிறது. நடக்கப் பழக்க வருகிற பெண் நயந்தும் கேட்டுவிட்டாள், மிரட்டியும் பார்த்துவிட்டாள், "அப்பறம் பாக்கலாம்" என்று ஒரே பதில். எலும்பு கூடிவிட்டது, இனி மனசுதான் கூட வேண்டும் என்று அந்தப் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள். போன மாதம் ஒரு நாள் திடீரென்று, "உன்ற படிக்கற ரூம்பு நாற்காலியக் கொண்டா, பாக்கறேன்" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம், "பெட்டியில என்ற வெர்னியர் இருக்கும், அதயும் எடு" என்றார். நூலிழை கனத்தைக்கூட அளக்கிற அந்த எஃகுக் கவையை அவர் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்து, வேலைக்குப் போன நாளை நினைத்து ஏங்குகிறார் என்று எண்ணி நான் அடுப்படியில் நின்று அழுதேன். மறுநாள் நாற்காலி திரும்பி வந்தது. அவரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் நாற்காலிக் கால் ஏதாவது விட்டுவிட்டதா என்றுதான் பார்த்தேன். என் புத்தி அப்படி.

கூடத்துக்கு வந்தேன். கால் வலித்தது. எத்தனை வருஷமாகவோ அந்த வீட்டுக்கு முன்னால் நான் உட்காருவது கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியில். அதுதான் சரியான உயரம், ஆனால் எழுந்திருக்கும்போது முதுகு எனக்கு முன்னால் எழுந்து கத்தும். வாளி சாக்குக்கு அடியில் எங்கோ மாட்டியிருந்தது. திருப்பி அனுப்பப் போகிற நாற்காலி, உட்கார்ந்தால் தேய்ந்தா போகும் என்று உட்கார்ந்தேன். பிரம்பு புதிதாகக் கிறீச்சிட்டுக் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிந்தது. முதுகு பின்னால் போய் எதிலோ சாய்ந்தது, வாளியில் சாய்வு ஏது, முதுகுக்கு அது புரியாமல் முதலில் விறைத்தது, அப்புறம் விட்டுக்கொடுத்தது. எதிரே என் மூன்று அறைகளும் கண்ணுக்கு நேராக நின்றன. அப்பாடா என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் நாற்காலிக் கைகளின் மேல் வைத்தேன். இடது கை கொஞ்சம் கீழே போயிற்று.

மறுபடி வைத்துப் பார்த்தேன். வலது கை ஓரிடத்தில், இடது கை அதைவிடக் கீழே, முன்பக்கம் சரிந்து. ஆசாரிக்கும் வயசாகிவிட்டதா, அவருக்கும் அளவு போய்விட்டதா, ஐயோ பாவம் என்று ஒரு கணம். அவர் கையில் வராத தப்பு இது. இந்தத் தப்பை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். எங்கோ என்ன, எதிரேதான். குனிந்து படிக்கிற அறையிலிருந்து சின்ன நாற்காலியை எடுத்தேன். இது ஆசாரி செய்தது அல்ல. நான் செய்தது, என் முதல் நாற்காலி, உடைந்த மர ஸ்கேலை அறுத்துச் செய்தது. இதற்குத்தான் ஜோடியாக இன்னொன்று வேண்டும் என்று ஆசாரிக்குப் போன் போட்டேன். அன்றைக்கு இதன் இடது கையைப் பசை காயும் வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், பாதியில் குக்கர் விசில் அடித்தது, விட்டுவிட்டு ஓடினேன், வருவதற்குள் கை மயிரிழை சறுக்கிக் காய்ந்துவிட்டது. யாருக்கும் சொன்னதில்லை. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் எனக்கு மட்டும் தெரியும். அந்த மயிரிழையைப் பன்னிரண்டால் பெருக்கினால், இதோ, என் இடது கை இறங்கியிருக்கிற அளவு. ஆசாரி இந்தச் சின்ன நாற்காலியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அடி என்று சொன்னாலும் அங்குலம் என்று சொன்னாலும் போனில் இந்தச் சறுக்கலை யாரும் சொல்ல முடியாது. நான் சொல்லவில்லை. அளந்தவர்தான் சொல்லியிருக்க வேண்டும். நெஞ்சின் மேல் வெர்னியரை வைத்துக்கொண்டு படுத்திருந்தாரே, அவர்.

என் புத்தி எங்கேயும் போகவில்லை. இங்கேதான் இருக்கிறது. நான் அனுப்பச் சொன்னது இன்னும் ஆசாரி பட்டறையில் நடுவிரல் உயரத்தில் கிடக்கும், வரும்போது வரும். அக்காவுக்கு வந்தது எனக்கு வரவே வராது என்று இந்த நாற்காலி ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை, தெரியும். ஆனால் இன்றைக்கு வரவில்லை. இன்றைக்கு எனக்கு வந்திருப்பது இது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர் சுவரில் என்ன பார்த்தார்? பன்னிரண்டாம் வாய்ப்பாடு பார்த்திருக்கிறார். நான் அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில் கால், கை, முதுகுச் சாய்வு என்று ஒவ்வொன்றாகப் பெருக்கி, ஆசாரிக்கு ரகசியமாகப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார், பணமும் அனுப்பியிருக்கிறார். சாமிக்கு நன்றி சொல்வதா, இடுப்புக்குள் கம்பி வைத்த டாக்டருக்குச் சொல்வதா, பித்தளைக்குச் சொல்வதா. எல்லாருக்கும் சொன்னேன், மனசுக்குள் வரிசையாக. கண்ணில் தண்ணீர் முட்டி, சின்ன வீட்டு அறைகள் மூன்றும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன.

"ஏனுங்க" என்றேன், உட்கார்ந்தபடியே.

"ம்."

"எடது கை எறங்கியிருக்குதுங்க."

"உன்றதுலயும் அப்பிடித்தான இருக்குது" என்றார்.

"அது தப்பா ஒட்டுனதுங்க. அதயும் சேத்தியா அளப்பாங்க?"

"சாம்பிள்ள என்ன இருக்குதோ அதத்தான் செய்யோணும். சரி பண்றதுக்கு நான் ஆரு? ஆசாரிகூட ஒரு கை கோணையா இருக்குதேன்னு கேட்டான். மூடிட்டு அப்பிடியே செய்யின்னேன்." முப்பது வருஷம் லேத்தில் நின்றவரின் குரல் அது, அந்தக் குரலை நான் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து கேட்கவில்லை. "உக்காந்துட்டியா?"

"உக்காந்துட்டனுங்க."

"காலு தரையில படுதா?"

"படுதுங்க."

"எந்திரிக்காத. அப்பிடியே இரு" என்றார். ஏதோ துண்டு விழுகிற சத்தம். அலுமினியம் தரையில் ஊன்றுகிற சத்தம். விழுந்துவிடுவார், ஓட வேண்டும், பிடிக்க வேண்டும், பசை காய்வதற்குள் ஓடிய அதே கால்கள் துடித்தன. எந்திரிக்காத என்றாரே. நாற்காலிக் கைகள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டக், அப்புறம் ஒரு கால் இழுபடுகிற சத்தம். டக். நடுவில் நின்றார், மூச்சு வாங்கினார். மறுபடி டக். நிலைப்படியில் வாக்கரை ஊன்றி நின்றார். வேட்டி ஒரு பக்கம் சரிந்திருந்தது, முகமெல்லாம் வேர்வை. என்னையும் நாற்காலியையும் பின்னால் இருக்கிற சுவரையும் சேர்த்துப் பார்த்தார். அறையில் ஒரு சாமானை வைத்துவிட்டு அளவு சரியாக அமர்ந்ததா என்று நான் ஒரு கண்ணை மூடித் தலையைச் சாய்த்துப் பார்ப்பேன், அதே மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எப்போது கற்றுக்கொண்டாரோ.

"வெளிய போனவுங்க வந்தாச்சாட்ட இருக்குது" என்றார்.